நான்கு மூலைகளும் ஒரே மாதிரி இருக்கட்டும்

அச்சகம் நடத்தும் நமது சகோதரர்களிடம் அடுத்ததாக என்ன இயந்திரம் வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரிய டிஜிட்டல் பிரிண்டர், நான்கு கலர் ஓப்செட், கம்பியூட்டர் கட்டிங் மெஷின் என்று பதில் வரும். லீசிங் கொம்பனி அதிகாரியின் தொலைபேசி இலக்கமும் சட்டைப் பையில் தயாராக இருக்கும். ஆனால், கையில் இருந்த ஓடர்கள் ஏன் வேறு இடத்துக்குப் போயின என்று கேட்டால் பதில் வேறு விதமாக வருகிறது. "பிரிண்டிங் நல்லம்தானாம் நானா, பினிஷிங்தான் சரியில்லையாம்" என்கிறார்கள்.

அச்சு நன்றாக இருந்தும் ஓடர் போகிறதென்றால் அச்சுக்குப் பிந்திய வேலையில்தான் ஓட்டை இருக்கிறது. வெட்டுதல், மடித்தல், பின் அடித்தல், லெமினேட் செய்தல், மூலை வளைத்தல் ஆகியன அந்த வேலைகள். இவற்றுள் மிகச் சிறியதும், கடையில் ஆகப் பிந்தி வந்து சேர்ந்த பொடியனின் கையில் ஒப்படைக்கப்படுவதும் மூலை வளைக்கும் வேலைதான். இந்த வாரம் அந்த இயந்திரத்தைப் பற்றியே எழுதுகிறேன். அச்சகப் பையன்கள் அதை 'கோர்னர் கட்டர்' என்பார்கள். பெரிய இயந்திரத்துக்குக் கடன் தேடுவதற்கு முன்னர், ஒரு முதலாளி இந்தச் சிறிய இயந்திரத்தைத் தன் கையால் பொருத்தவும் இயக்கவும் பழக வேண்டும் என்பது எனது கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

யாருக்கு இது தேவை?

மூலை வளைப்பது வெறும் அலங்காரம் என்று சிலர் நினைக்கிறார்கள். கூர்மையான மூலைதான் ஓர் அட்டையில் முதலில் சாகும் இடம். சட்டைப் பையில் நான்கு நாள் இருந்தால் மடியும். பிறகு அட்டையின் படைகள் பிரிந்து பஞ்சு போலாகும். லெமினேட் செய்த அட்டை என்றால் அந்த மூலை கத்தி முனை போல் நிற்கும். பாடசாலை அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்க விட்டுக்கொண்டு ஓடும் சிறு பிள்ளையின் தாடையில் அது கீறினால் தகப்பன் நேரே உங்கள் கடைக்குத்தான் வருவார்.

உங்கள் பேர்ஸில் உள்ள வங்கி அட்டையை எடுத்துப் பாருங்கள். உலகம் முழுவதும் அதற்கு ஒரே அளவுதான். ஐ.எஸ்.ஓ. 7810 என்ற சர்வதேசத் தரத்தின்படி நீளம் 85.60 மி.மீ., அகலம் 53.98 மி.மீ., தடிப்பு 0.76 மி.மீ. மூலையின் வளைவுக்கும் அளவு உண்டு. ஏறத்தாழ 3.18 மி.மீ. ஆரை, அதாவது நமது பழைய கணக்கில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு. மூலை எப்படி இருக்க வேண்டும் என்று உலகம் கூடித் தீர்மானித்திருக்கும்போது அதை அற்ப விடயம் என்று நாம் தள்ளிவிட முடியாது.

நமது ஊர்களில் இதற்குரிய வேலை நிறைய இருக்கிறது. பள்ளிவாசல் சந்தா அட்டை, நோன்பு காலத்து ஸஹர், இப்தார் நேர அட்டை, மத்ரஸா மாணவர் அடையாள அட்டை, சட்டைப் பையில் வைக்கும் யாஸீன் கிதாபு, நிக்காஹ் அழைப்பிதழ், ஹோட்டல் மெனு அட்டை, ஆடைகளில் தொங்கும் விலை அட்டை, பேருவளை சீனன்கோட்டை மாணிக்க வியாபாரிகளின் விசிட்டிங் கார்ட் என்று பட்டியல் நீளும். எல்லாமே நமது ஆட்களின் வேலைகள். நன்றாகச் செய்து கொடுத்தால் வருடா வருடம் திரும்பி வரக்கூடியவை.

எந்த வகை வாங்குவது?

நான்கு வகை இருக்கின்றன. காகிதாதிகள் கடையில் கிடைக்கும் கையடக்கமான பஞ்ச் ஒன்று. மேசையில் வைத்து நெம்புகோலை இழுத்து வெட்டும் கை மெஷின் இரண்டாவது. காலால் மிதித்து இயக்குவது மூன்றாவது. மின்சாரத்தில் இயங்குவது நான்காவது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விசிட்டிங் கார்டுக்குப் பாவிக்கும் தடித்த ஆர்ட் போர்ட் ஒன்று சுமார் 0.3 மி.மீ. தடிப்பு என்று வையுங்கள். ஆயிரம் அட்டையை அடுக்கினால் 30 சென்ரிமீற்றர் உயரம் வரும். மேசை மெஷினில் ஒரு தடவைக்கு 1 சென்ரிமீற்றர் உயரமான கட்டு வைத்தால் 30 கட்டுகள். ஒரு கட்டுக்கு நான்கு மூலை. ஆக 120 தடவை நெம்புகோலை இழுத்தால் ஆயிரம் அட்டை முடிந்தது. அடுக்கித் தட்டி வைக்கும் நேரத்தையும் சேர்த்து நிமிடத்துக்கு நான்கு இழுவை என்றால் அரை மணித்தியால வேலை. கையடக்கப் பஞ்சில் ஒரு தடவைக்கு மூன்று அட்டை வைத்து அதே வேலையைச் செய்தால் ஆயிரத்து முன்னூறு தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். கையும் போகும், வளைவும் ஒழுங்காக வராது.

எனவே சிறிய அச்சகத்துக்கு நல்ல மேசை மெஷின் ஒன்று போதும். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. பிரிண்டர்கள் துணி போர்த்திக் கிடந்த அந்நாட்களிலும் கையால் இயக்கும் கருவிகள் ஓடின. வெளிச்சம் இருந்தால் அவற்றுக்குப் போதும்.

நாளாந்தம் பல்லாயிரக்கணக்கில் வேலை வந்தால் மாத்திரம் கால் மெஷினுக்கோ மின் மெஷினுக்கோ போங்கள். வாங்கும்போது இரண்டு விடயங்களைக் கேளுங்கள். கத்தியும் டையும் தேய்ந்தால் மாற்று இங்கே கிடைக்குமா? எந்தெந்த ஆரையில் டை கிடைக்கும்? பொதுவாக அங்குலக் கணக்கில் எட்டில் ஒன்று, காலே, எட்டில் மூன்று, அரை என்று வரும். முதல் இரண்டும் இருந்தால் நமது வேலைகளில் பெரும்பாலானவை முடிந்துவிடும். மாற்றுக் கத்தி கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதன் ஆயுள் முதல் கத்தியின் ஆயுள்தான்.

பொருத்தும் முறை

மெஷின் பெட்டியிலிருந்து வந்ததும் அதை ஆடும் மேசையொன்றில் வைத்து ஓடரைத் தொடங்கிவிடுகிறோம். பாதிக் கோளாறு அங்கேதான் பிறக்கிறது. முதலில் மேசை அசையாததாக இருக்க வேண்டும். மெஷினின் அடியில் உள்ள துவாரங்கள் போல்ட் போட்டு இறுக்குவதற்காகவே இருக்கின்றன. நெம்புகோலை இழுக்கும்போது மெஷின் நகர்ந்தால் கையிலிருக்கும் கட்டும் நகரும்.

இரண்டாவது, கத்தியும் அடி டையும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். காலங்குல மேல் கத்தியை வேறொரு அளவு டையுடன் சேர்த்தால் ஒரே இழுவையில் இரண்டும் உடையும். டை உட்காரும் இடத்தைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். ஒரு சிறு கடதாசித் துண்டு அங்கே கிடந்தாலும் டை சரிந்து உட்காரும். ஆணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிறகு கடதாசி இல்லாமல் நெம்புகோலை மெதுவாக இறக்கிப் பாருங்கள். கத்தி எங்கும் உரசாமல், சத்தமில்லாமல் டையினுள் இறங்க வேண்டும். உரசினால் அங்கேயே நிறுத்தித் திரும்பப் பொருத்துங்கள். பலத்தால் சரிசெய்ய முயல வேண்டாம்.

மூன்றாவதுதான் முழு வேலையின் உயிர். கட்டை அணைத்து வைக்கும் இரண்டு பக்கச் சட்டங்கள், அதாவது கைட்கள், சரியான இடத்தில் நிற்க வேண்டும். வளைவு முடிந்து நேர் விளிம்பு தொடங்கும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே சிறு பல் ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் கட்டு அளவுக்கு மிஞ்சி உள்ளே போயிருக்கிறது. அந்தப் பக்கத்து கைட்டை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பல் இல்லாமல், வளைவு விளிம்பில் சேருமிடத்தில் முழங்கை போல் ஒரு மடிப்புத் தெரிந்தால் கட்டு போதுமான அளவு உள்ளே போகவில்லை. கைட்டைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கைட்டை மாத்திரம் தொடுங்கள். ஆணியைப் பாதி இறுக்கி, மெல்லத் தட்டி, ஓர் அட்டை வெட்டிப் பார்த்து, முழுதாக இறுக்கி, மறுபடியும் ஓர் அட்டை வெட்டிப் பாருங்கள். இறுக்கும்போது கைட் ஒரு மயிரளவு நகரும். இரண்டாவது தடவை பார்க்காதவர்கள்தான் ஆயிரம் அட்டையையும் வெட்டிய பிறகு தலையில் கை வைக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் சமமா என்று பார்க்க இலகுவான வழி இருக்கிறது. இரண்டு அட்டைகளில் ஒவ்வொரு மூலை வெட்டுங்கள். ஒன்றைக் குப்புறத் திருப்பி, வெட்டிய மூலைகள் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி விளிம்புகளைச் சேருங்கள். வளைவுகள் ஒன்றோடொன்று பொருந்தினால் கைட்கள் சரி. ஒன்று வெளியே தெரிந்தால் சரியில்லை. இதற்குக் கருவி ஒன்றும் தேவையில்லை, கண் போதும்.

நான்காவது, கட்டை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் உள்ள மெஷின் என்றால் அதன் அழுத்தத்தைப் பாருங்கள். குறைந்தால் அடியிலுள்ள அட்டைகள் வழுக்கும். கூடினால் நிக்காஹ் அழைப்பிதழுக்குப் பாவிக்கும் மெதுவான தடித்த கடதாசியில் தடம் விழும். அத்தகைய வேலைக்கு மேலே ஒரு கழிவு அட்டையை வைத்து வெட்டுங்கள்.

இயக்கும் முறை

மூலை வளைக்கும் மெஷின் எந்தப் பிழையையும் திருத்தாது, முன்னால் நடந்த பிழையை ஊரறியக் காட்டிக் கொடுக்கும். கட்டிங் மெஷினில் கோணலாக வெட்டிய அட்டை, இங்கே நான்கு மூலையும் நான்கு விதமாகத்தான் வரும். எனவே வெட்டு சதுரமாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஓப்செட் மை காய்வதற்கு ஒரு நாளாவது விடுங்கள். காயாத அட்டையைக் கட்டாக அழுத்தினால் ஒன்றின் மை மற்றதன் முதுகில் ஒட்டும்.

டிசைன் செய்யும் தம்பிக்கும் ஒரு வார்த்தை. மூலை வளைக்கப் போகும் அட்டையில் விளிம்பை ஒட்டி போர்டர் கோடு போட வேண்டாம். அரை மில்லிமீற்றர் வித்தியாசம் வெறும் அட்டையில் கண்ணுக்குத் தெரியாது. போர்டர் இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

கட்டை விளிம்பு பார்த்துத் தட்டிச் சமப்படுத்தி, அடியில் ஒரு கழிவு அட்டையை வைத்து, இரண்டு கைட்டிலும் ஒட்டும்படி அணைத்து, ஒரே சீராக இழுங்கள். குத்துவது போல் இழுக்க வேண்டாம். ஒரு மூலை முடிந்ததும் கட்டைக் குப்புறப் புரட்டாமல் அப்படியே சுற்றி அடுத்த மூலையை வையுங்கள். அவசரத்துக்குக் கட்டின் உயரத்தைக் கூட்டாதீர்கள். மெஷின் தாங்கும் அளவை மீறினால் மேலுள்ள அட்டைக்கு ஒரு வளைவும் அடியிலுள்ள அட்டைக்கு வேறொரு வளைவும் வரும்.

வெட்டுப்படும் பிறைத் துண்டுகள் கீழே விழ வேண்டும். அவை கைட்டுக்கும் கட்டுக்கும் இடையில் தங்கினால் அடுத்த கட்டு முழுவதும் தள்ளிப்போகும். சில கட்டுகளுக்கு ஒரு தடவை தூரிகையால் தட்டிவிடுங்கள். விரலால் அல்ல.

யாஸீன் கிதாபு போன்ற பின் அடித்த சிறு நூல்களில் திறக்கும் பக்கத்து இரண்டு மூலைகளை மாத்திரம் வளைப்பது வழக்கம். முதுகுப் பக்கம் மடிப்பினால் தடித்திருப்பதால், அடுக்கினால் கட்டு ஒரு பக்கம் சரியும். விசிட்டிங் கார்ட் போல் உயரமாக அடுக்காமல் சில பிரதிகளாக எடுத்து வெட்டுங்கள். நேரம் கூடும். அந்த நேரத்தை விலையில் முன்கூட்டியே சேருங்கள்.

பவுச்சில் லெமினேட் செய்யும் அடையாள அட்டை என்றால் வெளிப்புறப் பிளாஸ்டிக் விளிம்பு போதுமான அளவு இருக்க வேண்டும். காலங்குல வளைவு, அதாவது ஏறத்தாழ 6 மி.மீ. ஆரை, மூலையின் நுனியிலிருந்து சுமார் இரண்டரை மி.மீ. தூரத்தை எடுத்துவிடும். நாற்புறமும் 3 மி.மீ. பிளாஸ்டிக் விட்டிருந்தால் உள்ளேயிருக்கும் அட்டையைக் கத்தி தொடாது. ஒன்றரை மி.மீ. மாத்திரம் விட்டிருந்தால் கத்தி அட்டையையே வெட்டும். அந்த வெட்டு வழியாக வியர்வையும் மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கி, மூன்று மாதத்தில் பிளாஸ்டிக் இரண்டாகப் பிரியும். அப்போது வாடிக்கையாளர் லெமினேட் சரியில்லை என்றுதான் சொல்வார். உண்மையில் பிழை மூலையில் இருக்கிறது.

கத்தி மழுங்குவதை அது நமக்கு முன்கூட்டியே சொல்லும். நெம்புகோல் கனக்கும். வளைவில் மயிர் போல் நார் நிற்கும். லெமினேட் செய்த அட்டையில் வெள்ளைக் கோடு விழும். பிளாஸ்டிக் வெட்டினால் கத்தி சீக்கிரம் மழுங்கும் என்பதால் முடிந்தவர்கள் கடதாசிக்கு ஒன்று, லெமினேட்டுக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி வைத்திருங்கள். உலோகப் பின் இருக்கும் இடத்தில் கத்தி ஒருபோதும் இறங்கக்கூடாது. தீட்டுவதென்றால் வளைந்த கத்தி தீட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சாதாரண சாணைக் கல்லில் பிடித்தால் வளைவின் அளவே மாறி, பிறகு டையோடு சேராது.

மேலே நல்லது, அடியில் கெட்டது

இனி நமது மனசாட்சியோடு சம்பந்தப்பட்ட விடயத்துக்கு வருகிறேன். ஒரு கட்டில் பழுதாவது பெரும்பாலும் அடியிலுள்ள இரண்டு மூன்று அட்டைகள்தான். ஆயிரம் அட்டைக்கு முப்பது கட்டு என்றால் கவனமில்லாத இடத்தில் அறுபது, தொண்ணூறு அட்டைகள் கிழிந்த மூலையோடு இருக்கும். அவற்றை என்ன செய்கிறோம்?

சில இடங்களில் நான் கண்டது, நல்லவற்றைப் பெட்டியின் மேலே அடுக்கிவிட்டுப் பழுதானவற்றை நடுவில் சொருகிக் கொடுப்பதைத்தான். "அவர் ஒவ்வொண்டா பார்க்கப் போறாரா?" என்று கேட்கிறார்கள். சந்தையில் தானியக் குவியலினுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்டதும் நம் எல்லோருக்கும் தெரிந்த ஹதீஸ். ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையாட்டுகிறோம். அந்தக் குவியலுக்கும் நமது அட்டைப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்க அல்குர்ஆனில் முதப்பிபீன் என்று தனி ஸூராவே இருக்கிறது. ஆயிரம் என்று காசு வாங்கித் தொள்ளாயிரத்து இருபது நல்ல அட்டை கொடுப்பதும் அளவையில் குறைப்பதுதான்.

இதற்குத் தீர்வு கஷ்டமானதல்ல. ஆரம்பத்திலேயே தேவைக்கு மேலாக ஐம்பது அட்டைகள் அச்சிடுங்கள். அந்தச் செலவை விலையில் வெளிப்படையாகச் சேருங்கள். ஒவ்வொரு கட்டையும் வெட்டியதும் மேல் அட்டை, நடு அட்டை, அடி அட்டை மூன்றையும் பாருங்கள். அடியில் கழிவு அட்டை வைத்து, கத்தி கூராக இருந்து, கைட் சரியாக நின்றால் பழுது விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடும். நேர்மைக்கும் நல்ல செட்டிங்குக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான்.

கடதாசியின் பெறுமதியையும் நினைத்துப் பாருங்கள். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அந்த வருட ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350 ஐத் தாண்டியது. அந்த நாட்களில் ஒரு பக்கட் போர்ட்டுக்காகப் புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் நாம். இறக்குமதியை நம்பியிருக்கும் ஒரு பொருளைக் கைட் ஆணியை இறுக்காத குற்றத்துக்காகக் குப்பையில் போடுவது வீண்விரயம். அது மார்க்கத்திலும் கூடாது, வியாபாரத்திலும் கூடாது.

விரல் போனால் வராது

கை மெஷினில் ஆபத்துக் குறைவு. கால் மெஷினிலும் மின் மெஷினிலும் அப்படியல்ல. இரண்டு கையும் கட்டைப் பிடித்திருக்கும். கால் மிதியில் இருக்கும். கவனம் எங்கோ போகும்போது கால் தானாக அழுத்திவிடும். எனவே கத்தியைச் சுற்றியுள்ள காப்பை வேலை மெதுவாகிறது என்பதற்காகக் கழற்றக் கூடாது. துண்டு தட்டும்போது காலை மிதியிலிருந்து எடுத்துத் தரையில் வைக்க வேண்டும். கத்தி மாற்றும்போது பிளக்கையே கழற்ற வேண்டும், சுவிட்சை மூடினால் போதாது. ஒருவர் கட்டை வைக்க, மற்றவர் மிதிக்கும் பழக்கம் எந்தக் கடையிலும் இருக்கக் கூடாது.

ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குக் காப்பு இட வேண்டும் என்பது 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலிருந்தே நமது நாட்டில் சட்டம். வேலையில் காயமடைந்தவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதற்கும் முன்னர், 1934 இல் வந்த சட்டம். வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 14 இலிருந்து 16 ஆக 2021 இல் உயர்த்தப்பட்டது. ஆபத்தான வேலைகளில் 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் போடக்கூடாது. "நம்ம சொந்தக்காரப் பொடியன்தானே, ஸ்கூல் லீவுல சும்மா நிக்கிறான்" என்று கொண்டுவந்து நிறுத்துகிறோம். சொந்தக்காரப் பொடியனுக்கும் பத்து விரல்தான் இருக்கிறது. அவனது தாய் நம்மை நம்பி அனுப்பிய அமானிதம் அவன்.

விலையும் கடனும்

"நான் ஓடர் பிடிக்க ஓட வேண்டும், மெஷினோடு நிற்க எனக்கு ஏது நேரம்?" என்று முதலாளிமார் கேட்பது எனக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். ஆனால் மெஷினோடு ஒரு கிழமை நிற்காதவருக்கு அந்த வேலைக்கு விலை சொல்லத் தெரியாது.

மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். டை மாற்றி, கைட் சரிபார்த்துப் பொருத்த இருபது நிமிடம் என்று வைப்போம். ஐந்நூறு விசிட்டிங் கார்டுக்கு 60 இழுவை, அதாவது கால் மணித்தியாலம். ஆக, இயக்கும் நேரத்தை விடப் பொருத்தும் நேரம் கூட. பத்தாயிரம் நேர அட்டைக்கு 1200 இழுவை, ஐந்து மணித்தியாலம். அங்கே பொருத்தும் இருபது நிமிடம் ஒரு கணக்கே இல்லை. இந்த இரண்டு ஓடருக்கும் ஓர் அட்டைக்கு இத்தனை சதம் என்று ஒரே விலை சொல்பவர், சின்ன ஓடரில் கையிலிருந்து போடுகிறார், பெரிய ஓடரில் கூடுதலாகக் கேட்டு அதை இழக்கிறார். பொருத்தும் கூலி என்று ஒரு குறைந்தபட்சத் தொகையை வைத்துவிட்டு அதன்மேல் எண்ணிக்கைக்கு விலை சொல்லுங்கள். வாடிக்கையாளருக்கும் விளங்கும்.

இன்னுமொன்று. ஒரே தெருவில் நான்கு அச்சகம் இருந்தால் நால்வரும் இந்த மெஷினை வாங்க வேண்டியதில்லை. ஒருவர் மூலை வளைக்கட்டும், ஒருவர் லெமினேட் செய்யட்டும், ஒருவர் சுருள் பைண்டிங் செய்யட்டும். நியாயமான கூலிக்கு ஒருவர் மற்றவருக்குச் செய்து கொடுத்தால் ஒவ்வொரு மெஷினும் முழு நாளும் ஓடும். இப்போது நான்கு கடையிலும் நான்கு மெஷின் தூசி படிந்து கிடக்கிறது. போட்டி என்ற பெயரில் நாம் இரும்பை வாங்கி அடுக்கியிருக்கிறோம்.

கடைசியாகக் கடன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதற்குப் பின்னர் தவணை கட்ட முடியாமல் மெஷினைத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் அறிவேன். வட்டியின் ஹராம் ஹலால் பற்றி உலமாக்கள் சொல்வதை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. வியாபாரியாக ஒன்றை மாத்திரம் சொல்கிறேன். மேசை மெஷின் ஒன்றைக் கைக்காசில் வாங்கலாம். அது தவணை கேட்காது. அதை ஒழுங்காகப் பொருத்தி, சுத்தமாக இயக்கி, பழுதை எண்ணிக் கழித்து, சரியான விலை சொல்லிப் பழகியவர், பிறகு எந்தப் பெரிய மெஷின் வாங்கினாலும் அதைக் காப்பாற்றுவார். இந்தச் சின்ன மெஷினில் பழகாத ஒழுங்கு பெரிய மெஷினோடு பெட்டியில் சேர்ந்து வருவதில்லை.

இந்த வாரம் உங்கள் கடையிலிருந்து கடைசியாகப் போன ஓடரின் மிச்ச அட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நான்கு மூலையையும் சுற்றிப் பாருங்கள். பல் இருக்கிறதா, மடிப்பு இருக்கிறதா, நார் நிற்கிறதா? இருந்தால் கடையைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை கைட் ஆணியைத் தளர்த்தி மறுபடி பொருத்துவதுதான். லீசிங் கொம்பனிக்குப் பிறகு பேசலாம்.

அல்லாஹ் நமது உழைப்பில் பறகத் செய்வானாக. வேலை செய்யும் நமது பிள்ளைகளின் கைகளைப் பாதுகாப்பானாக.